வலித்தால் கையைத் தூக்குங்கள்

என் கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் ஒரு கடைவாய்ப்பல் இப்போது இல்லை. அது பிடுங்க வேண்டிய பல் அல்ல. காப்பாற்றலாம் என்று சொன்ன அதே டாக்டர்தான் அடுத்த முறை போனபோது அதைப் பிடுங்கினார். நடுவில் பல்லுக்குப் புதிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. என்னைப் பற்றிய ஒரு தகவல் மாறியிருந்தது. அந்தத் தகவல் எனக்கே அந்த நாற்காலியில் படுத்திருந்தபோதுதான் தெரியவந்தது.

நான் மலேசியாவில், தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவள்; என் தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. பாஸ்போர்ட் இன்னும் மலேசியப் பாஸ்போர்ட்தான். இங்கே தங்குவதற்கான அட்டை தனியாக இருக்கிறது. என் கணவருக்கு அரியமங்கலத்தில் லேத் பட்டறை இருந்தது. போன வருடம் பட்டறையிலேயே நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. பட்டறையை இப்போது அவருடைய அண்ணன் பார்த்துக்கொள்கிறார். அவரை நான் அத்தான் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அவர்கள் மன்னார்புரத்தில் இருக்கிறார்கள். நான் இருப்பது ஸ்ரீரங்கத்தில், மாமனார் கட்டிய வீட்டில். வீடு இன்னும் மாமனார் பெயரிலேயே இருக்கிறது. பிரிக்கவில்லை.

பல் வலி என்று போனில் சொன்னதும் அத்தான்தான் அந்த கிளினிக்குக்கு அழைத்துப்போனார். அவர்கள் வீட்டிலிருந்து பக்கம். விமான நிலையம் போகிற சாலையிலேயே இருக்கிறது. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் இறங்கியதும் நேரே வந்துவிடலாம். காத்திருக்கும் அறையின் மூலையில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றாவது எப்போதும் நிற்கும். கிடைத்த லீவுக்குள் வேர் சிகிச்சை, கேப், விழுந்த பல்லுக்குப் பாலம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு அதே பெட்டியோடு திரும்பிப் போவார்கள். அந்த கிளினிக்கின் வேலை ஓட்டமே அந்த லீவுக்குத் தகுந்தபடி அமைந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த ஓட்டத்தில் இடமில்லை என்பதுதான் விஷயம். நான் லீவில் வந்தவள் அல்ல.

முதல் நாள் எனக்குப் பக்கத்தில் கிள்ளானிலிருந்து வந்த ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் பேச்சைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை அறியாமல் கேட்டேன்.

“பசியாறிட்டீங்களாக்கா?”

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். காலை உணவைப் பற்றி அந்த வார்த்தையில் இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

“எங்கக்கா பசியாறுறது? காலைல சமயபுரம் போயாச்சு. இப்ப பல்லு. சாயங்காலம் சேலை எடுக்கணும். இவருக்கு நாலு பல்லு, எனக்கு ரெண்டு. சனிக்கிழமை ஃபிளைட்டு லா.”

“ஊரைப் பார்க்க வந்தோமா, பல்லைப் பார்க்க வந்தோமான்னே தெரியல” என்றார் அவர் கணவர். “இன்னிக்குச் சந்நிதியில நின்னுக்கிட்டு ஆன்னு வாயத் தொறக்கறேன். ஐயரு என்னை ஒரு மாதிரியா பார்க்குறாரு.”

“நீங்க எந்த ஃபிளைட்டுக்கா?”

“நான் இங்கேயேதான் இருக்கேன். ஸ்ரீரங்கத்துல.”

“இங்கேயேவா? ஐயோ, இந்த வெயில்ல எப்படித்தான் இருக்கீங்க!”

வெகுநாளைக்குப் பிறகு என் பேச்சு எனக்குத் திரும்பி வந்திருந்தது. ‘லா’ போட்டுப் பேசினேன், உரக்கச் சிரித்தேன். அறைக் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்ட டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண், சுறுசுறுப்பானவர்.

“எந்த ஊரும்மா?”

“ஸ்ரீரங்கம்.”

“இல்லம்மா, சொந்த ஊரு?”

“தைப்பிங்.”

“அதானே பார்த்தேன்!” என்றார் சந்தோஷமாக.

எக்ஸ்ரே எடுத்தார். வேர் நன்றாக இருக்கிறது, நரம்புதான் கெட்டுப்போயிருக்கிறது, வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் வயதான காலம் வரைக்கும் வரும் என்றார். சில தடவை வர வேண்டியிருக்கும், அவசரம் ஒன்றும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்று தெளிவாகச் சொன்னேன். அத்தானும் அப்போது அறைக்குள்தான் நின்றிருந்தார். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாகப் போவதில்லை. போனால் முதல் கேள்வியே “கூட யாரு வந்திருக்காங்க?” என்பதுதான். கூட வருகிறவருக்கு அட்டெண்டர் என்று பெயர். மருந்துச் சீட்டு அவர் கைக்குத்தான் போகும். என்ன நோய், எத்தனை நாள், என்ன சாப்பிடலாம் என்பதெல்லாம் அவரிடம்தான் சொல்லப்படும். நோயாளி பெண்ணாகவும் கூட வந்தவர் ஆணாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ரிப்பேருக்குக் கொண்டுவந்த மிக்ஸியிடம் யாரும் பேசுவதில்லை. என் கணவர் இருந்தவரை இது எனக்கு உறைத்ததே இல்லை. டாக்டர் அவரிடம் சொல்வார், அவர் என்னைப் பார்த்து “என்ன செய்யலாம்?” என்று கேட்பார். அந்தக் கேள்விதான் போய்விட்டது. வழக்கம் அப்படியே இருக்கிறது.

இரண்டாம் முறை போனபோது டாக்டர் என்னைப் படுக்க வைத்து, தாடையின் உள்பக்கத்தில் ஊசி போட்டார். வலித்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுவேன் என்றார். கொஞ்ச நேரத்தில் உதடு கனத்தது, பிறகு நாக்கின் ஒரு பாதி என்னுடையது இல்லாமல் போயிற்று. மரத்துப் போகட்டும் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். அறைக்கும் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்பு கூரை வரைக்கும் போகவில்லை. அவரும் வெளியே உட்கார்ந்திருந்த அத்தானும் பேசியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

“சார், மருந்து வச்சு ஒரு மாசம் விட்டுத்தான் கேப் போடணும். அதுவரைக்கும் இருப்பாங்கல்ல? மலேசியாக்காரங்க பாதியில கெளம்பிடுறாங்க. அங்க போய் வீங்கிக்கிச்சுன்னா எங்களைத்தான் திட்டுறாங்க.”

“இல்ல டாக்டர், இவங்க இந்த மாசக் கடைசில போறாங்க” என்றார் அத்தான். “திரும்பி வர மாட்டாங்க.”

“அவசரம் இல்லைன்னு சொன்னாங்களே?”

“அவங்களுக்கு என்ன தெரியும்? டிக்கெட் நாங்கதானே போடறோம்.”

“அப்ப எடுத்துடலாமா சார்? ஊருக்குப் போய் அந்த எடத்துல இம்ப்ளாண்ட் பல்லு வச்சுக்கட்டும்.”

“எடுத்துடுங்க. அங்க அவங்க தம்பி இருக்காரு, எல்லாம் பார்த்துக்குவாரு.”

இதைக் கேட்டு நான் என்ன நினைத்தேன் என்பதை ஒழுங்காக எழுத வேண்டும் என்று பலமுறை முயன்றிருக்கிறேன். முதலில் வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். கிள்ளான் அம்மாள் ஞாபகம்கூட வந்தது. தம்பி என்ற சொல் வந்த பிறகுதான் அது நான் என்று புரிந்தது. போன மாதம் அக்கா வந்து, ஒரு விசேஷத்துக்கு வேண்டும் என்று பெரிய குத்துவிளக்குகள் இரண்டையும் எடுத்துப் போனதும், அத்தான் பரணில் என்னென்ன இருக்கிறது என்று ஏணி போட்டு ஏறிப் பார்த்ததும் அப்போது வரிசையாக நினைவுக்கு வந்தன. அன்றைக்கு அவர் எறும்பு மருந்து அடிக்க ஏறியதாக நான் நம்பியிருந்தேன்.

டாக்டர் உள்ளே வந்தார். “நான் எங்கேயும் போகவில்லை” என்று சொல்லப் பார்த்தேன். வாயிலிருந்து வந்தது ஒரு முனகல்தான்.

“பயப்படாதீங்கம்மா. ஒண்ணுமே தெரியாது.”

பஞ்சு வைத்தார். எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டினார். நான் கையைத் தூக்கினேன்.

“இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கலையே, அதுக்குள்ள வலிக்குதா?” என்றவர் உதவிக்கு நின்ற பெண்ணிடம், “இன்னொன்னு லோட் பண்ணும்மா” என்றார்.

இரண்டாவது ஊசி இறங்கியது. மறுபடி கையைத் தூக்கினேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து, மெதுவாக வயிற்றின் மேல் வைத்து, தன் கையாலேயே பிடித்துக்கொண்டாள். ஆறுதலுக்காகத்தான் பிடித்துக்கொண்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

எழுந்து வெளியே போயிருக்கலாமே என்று பிறகு என்னிடம் சிலர் கேட்டார்கள். கேட்கிறவர்களுக்குச் சுலபம். அத்தான் முன்னால் குரல் உயர்த்தக் கூடாது என்பதை இந்த வீட்டில் எனக்கு இருபத்திரண்டு வருடம் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அது என் தவறு என்று ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை.

பல் எளிதில் வரவில்லை. தாடை எலும்பு நொறுங்குவது போன்ற சத்தம் காதுக்குள் கேட்டது. வலி மட்டும் தெரியவில்லை. முடிந்ததும் தையல் போட்டுவிட்டு, டாக்டர் ஸ்டீல் தட்டில் பல்லை வைத்துக் காட்டினார்.

“பாருங்க, வேரோட முழுசா வந்துடுச்சு. நல்ல ஸ்ட்ராங்கான பல்லு.”

திரும்பும்போது அக்காவும் காரில் இருந்தார். பல் எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து, ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், பேசக் கூடாது, துப்பக் கூடாது என்று அத்தானிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பின்சீட்டில் அக்கா என் கன்னத்தில் ஐஸ் பையை வைத்துப் பிடித்துக்கொண்டார். பால்பண்ணையைத் தாண்டியதும் வண்டிகள் நகராமல் நின்றுவிட்டன. அத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“ஒரு விஷயம் சொல்லணும்னு இருந்தேன்மா. சரியான நேரம் அமையல.”

நான் வாயிலிருந்த பஞ்சைத் தொட்டேன்.

“ஐயையோ, எடுக்காத! ரத்தம் வந்துடும்” என்று அக்கா கையைத் தட்டிவிட்டார். “அவர் சொல்றதக் கேளு, போதும்.”

“நீ தனியா அவ்வளவு பெரிய வீட்டுல என்ன பண்ணுவ? நாளைக்கே ஒண்ணுன்னா யாரு பார்க்குறது? நாங்க இங்க இருந்து காவிரிப் பாலம் தாண்டி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். உன் தம்பிகிட்ட பேசிட்டேன். உனக்குன்னு ரூம் ரெடி பண்ணிட்டாரு.”

“உன் நல்லதுக்குத்தாம்மா” என்றார் அக்கா. “எனக்கு மட்டும் உன்னை அனுப்ப மனசு இருக்கா சொல்லு? ஆனா பொறந்த ஊரு பொறந்த ஊருதான். என்ன இருந்தாலும் நீ அந்த ஊருப் பொண்ணு.”

“அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை ரெண்டு பேர் வீடு பார்க்க வராங்க. நீ கொஞ்சம் கூட்டிப் பெருக்கி வச்சுடு. வேற ஒண்ணும் செய்ய வேணாம்.”

அவர் மெதுவாக, பிசிறில்லாமல் பேசினார். இவ்வளவு பேச்சு அவர் என்னிடம் பேசியதே இல்லை. சஞ்சீவி நகரில் சிக்னல் விழும்வரை பேசினார், பாலத்தின் மேல் பேசினார், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டும் பேசினார். நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது அக்கா என் தலையைத் தடவி, “எவ்வளவு பொறுமையாக் கேட்டுக்கிட்டா பாருங்க” என்றார்.

மரப்பு விட்டதும் தம்பிக்குப் போன் செய்தேன்.

“நீயே வரணும்னு சொன்னதா அத்தான் சொன்னாரேக்கா. நாங்க பெயிண்ட்லாம் அடிச்சிட்டோம் லா.”

“என்கிட்ட ஏண்டா கேக்கல?”

“அதான் அத்தான்கிட்ட கேட்டேனே.”

எனக்கு வாயில் ரத்த ருசி இருந்தது. இவன் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். மலேசியாவில் அப்படி இல்லை, அங்கே பெண்களிடம் கேட்டுத்தான் செய்வார்கள் என்று இந்த வீட்டில் நான் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

“நான் வரலை” என்றேன்.

“இப்ப வலியில இருக்கக்கா. அப்புறமா பேசலாம்” என்று வைத்துவிட்டான்.

தையல் பிரிக்கும் நாளன்று அத்தானிடம் சொல்லாமல் பஸ்ஸில் போனேன். ஜங்ஷன் வரை ஒரு பஸ், அங்கிருந்து மன்னார்புரத்துக்கு இன்னொன்று. தனியாக வந்தேன் என்றதும் டாக்டர் கொஞ்சம் தயங்கினார். தையலைப் பிரித்து, இடம் நன்றாக ஆறிவருகிறது என்றார். அப்போது நான் நடந்ததைச் சொன்னேன். நான் இங்கேயே குடியிருப்பவள், எனக்குப் போகிற தேதி எதுவும் கிடையாது, அந்தப் பல் எனக்கு வேண்டியிருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றாமலே நின்றார்.

“நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா.”

“என் வாய் உங்க கையில இருந்துச்சு டாக்டர்.”

“கையத் தூக்கினீங்க... நான் வலின்னு நெனச்சேன்.” குரல் இறங்கிவிட்டது. “கூட வந்தவங்க சொல்லும்போது நாங்க வேற என்னம்மா செய்ய முடியும்? அவங்க பொறுப்புல கூட்டிட்டு வராங்க.”

“முதல் நாள் அவசரம் இல்லைன்னு நான் சொன்னது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

அதற்கு மேல் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எலும்பு ஆறிய பிறகு வாங்க, இம்ப்ளாண்ட் வைத்துத் தருகிறேன் என்றார். யோசிக்கிறேன் என்றேன். வெளியே காத்திருந்தவர்களில் ஒரு முதியவர் கையில் பாஸ்போர்ட்டை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அத்தான் கார் வந்து நின்றது. அவரோடு ஒரு கணவனும் மனைவியும் இறங்கினார்கள். துறையூர்ப் பக்கம் வெங்காய மண்டி வைத்திருப்பவர்களாம். பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வீடு தேடுகிறார்கள். நான் வாசலுக்கு வந்து கேட்டுக்கு உள்பக்கம் நின்றேன். வீட்டைக் கூட்டிப் பெருக்கியிருந்தேன்தான். அது தினமும் செய்வது.

“தெறம்மா” என்றார் அத்தான்.

“வாங்க” என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். “தண்ணி குடிக்கிறதுன்னா உள்ள வாங்க. ஆனா வீடு காலி இல்லைங்க. நான் இருக்கேன்.”

என் வலக்கன்னம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது. சொற்கள் கொஞ்சம் வழுக்கின. ஆனால் அவர்களுக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணின் கணவர் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்.

“பல்லு எடுத்திருக்கு அவங்களுக்கு” என்றார் அத்தான் சிரித்துக்கொண்டே. “மாத்திரை மயக்கத்துல இருக்காங்க. மாசக் கடைசில கெளம்பிடுவாங்க.”

“கெளம்பலைங்க” என்றேன். “மாசக் கடைசிலயும் இல்ல, அதுக்கப்புறமும் இல்ல. இது என் வீட்டுக்காரரோட அப்பா கட்டின வீடு. பாகம் பிரிக்கல. அவரோட பங்கு என்னோடது.”

அந்தப் பெண்மணி தன் கணவரின் முழங்கையைத் தொட்டார். “வாங்க போலாம். குடும்பத்துல பேசி முடிக்கட்டும், அப்புறமா பார்க்கலாம்” என்றார். பிறகு என்னிடம், “சுடுதண்ணியில கல்லுப்பு போட்டுக் கொப்புளிங்கக்கா, வீக்கம் வத்திடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அவர்கள் தெருமுனையில் காத்திருக்க, அத்தான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை. அவருக்குக் கத்திப் பழக்கமில்லை.

“உனக்கு ஒண்ணுன்னா யாரக் கூப்பிடுவ?”

நான் கேட்டின் தாழ்ப்பாள் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

“நல்லா யோசிச்சுக்க. இனிமே ஆஸ்பத்திரி, பேங்க், அந்த வெளிநாட்டுக்காரங்க ஆபீஸ்னு எதுக்கும் எங்களக் கூப்பிடாத. நான் வர மாட்டேன். உன் அக்காவும் வர மாட்டா.”

“சரிங்க அத்தான்” என்றேன்.

கார் திரும்பிப் போனது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். கேட்டைப் பூட்டிவிட்டு வந்தேன். காலையில் ஊற்றி வைத்த இட்லி நான்கும் ஆறிப்போயிருந்தன, சட்னியும் புளிக்கத் தொடங்கியிருந்தது. சூடு படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே பிய்த்து, இடப்பக்கமாகப் போட்டு, மெதுவாக மென்று சாப்பிட்டேன். நேரம் பிடித்தது.